பகத் சிங்கின் சுவடு தேடிப் போக எந்த வழி: பஞ்சாபா, கான்பூரா, லாகூரா?

பகத் சிங்கின் சுவட்டில் ஒரு பயணம் போகலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் கேள்வி, எங்கே போவது என்பதுதான். காந்தியைப் பின்தொடர்ந்து நடக்க சபர்மதியிலிருந்து தண்டிவரை ஒரு நேர்ப்பாதை இருக்கிறது. பகத் சிங்குக்கு அப்படி எதுவும் கிடையாது. 23 வயதில் தூக்குமேடை ஏறியவர் அவர். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் லாகூர், கான்பூர், டெல்லி, ஆக்ரா, கல்கத்தா, ஃபிரோஸ்பூர் என்று ரயில் மாறி ரயில் ஏறிக்கொண்டே இருந்தார். பல பயணங்கள் வேறு பெயரில், வேறு வேஷத்தில். பிறந்த ஊரும், படித்த கல்லூரியும், உயிர்விட்ட சிறையும் இன்று பாகிஸ்தானில் இருக்கின்றன. எரிக்கப்பட்ட ஆற்றங்கரை இந்தியாவில் இருக்கிறது. எனவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்ப்பது நடக்காத காரியம். எதை எடுப்பது, எதை விடுவது என்று வீட்டிலேயே முடிவுசெய்துகொண்டு கிளம்ப வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. நமக்கு பகத் சிங் வந்து சேர்ந்தது பெரும்பாலும் எழுத்தின் வழியாக. தூக்கு நடந்த ஆறாம் நாள், 1931 மார்ச் 29 அன்று, பெரியார் ‘குடி அரசு’ இதழில் அவரைப் பற்றித் தலையங்கம் எழுதினார். ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரையை 1930-களின் நடுவில் ஜீவா தமிழாக்கினார். அதை வெளியிட்டதற்காக வெள்ளை அரசு ஜீவாவையும் பெரியாரின் அண்ணன் ஈ.வெ. கிருஷ்ணசாமியையும் கைது செய்தது. துப்பாக்கி பிடித்த பகத் சிங்கைவிட, சிந்தித்து எழுதிய பகத் சிங்தான் இங்கே பேசப்பட்டவர். ஆகவே ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன்: இந்த வழியில் போனால் அந்த மனிதர் எப்படி யோசித்தார், யாரோடு வாழ்ந்தார் என்று கொஞ்சமாவது பிடிபடுமா, அல்லது மாலை போட்டுவிட்டுத் திரும்புவதோடு சரியா?

பஞ்சாப் வழி

எல்லோரும் முதலில் யோசிப்பது இதைத்தான். அமிர்தசரஸ், ஹுசைனிவாலா, கட்கர் கலான் ஆகிய மூன்றும் முக்கியப் புள்ளிகள். நேரம் இருந்தால் இடையில் லூதியானாவில் இறங்கி, பகத் சிங்கோடு தூக்கிலிடப்பட்ட தோழர் சுகதேவ் பிறந்த நௌகரா பகுதியில் இருக்கும் வீட்டையும் பார்க்கலாம்.

அமிர்தசரஸில் ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 படுகொலை நடந்தபோது பகத் சிங்குக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. லாகூரிலிருந்து வந்து அந்த மண்ணை ஒரு குப்பியில் எடுத்துப் போனார் என்று சொல்வார்கள். தோட்டா பட்ட சுவரும் கிணறும் இருக்கின்றன. 2021-இல் புதுப்பித்த பிறகு, படைகள் உள்ளே நுழைந்த அந்தக் குறுகிய சந்தின் சுவர்களில் சிற்பங்களைப் பதித்துவிட்டார்கள். வெறும் சந்தாக இருந்தபோது அந்தச் சுவர்களே எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தன என்பது என் கருத்து. இங்கே அரை நாள் போதும். பக்கத்திலேயே பொற்கோயில் இருப்பதால் கூட்டம் ஓயாது. மதம், சாதி, காசு எதுவும் கேட்காமல் இரவும் பகலும் சோறு போடும் லங்கரில் ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கட்கர் கலானைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். பலர் அதை பகத் சிங் பிறந்த ஊர் என்று நினைத்து வருகிறார்கள். அது அவருடைய பூர்வீக ஊர். பிறந்தது லயால்பூர் மாவட்டத்தின் பங்கா கிராமத்தில். லயால்பூருக்கு இன்றைய பெயர் ஃபைசலாபாத். பிரிவினைக்குப் பிறகு அவருடைய தாயார் வித்யாவதி வாழ்ந்த வீடு என்ற வகையில் கட்கர் கலானுக்குத் தனி மதிப்பு உண்டு. வீட்டில் கயிற்றுக் கட்டில்களும் பாத்திரங்களும் பாதுகாக்கப்படுகின்றன. அருங்காட்சியகம் முதலில் 1981 மார்ச் 23 அன்று, ஐம்பதாம் நினைவு நாளில் திறக்கப்பட்டது. பிறகு பெரிய கட்டடமும் வந்துவிட்டது. தியாகிகளின் அஸ்தியும், ஹுசைனிவாலாவில் எடுத்த ரத்தம் தோய்ந்த மணலும், அஸ்தியைச் சுற்றி வைத்திருந்த செய்தித்தாளும் அங்கே இருக்கின்றன. அந்தச் செய்தித்தாளின் முன்னால் நின்றுவிட்டால் சட்டென்று நகர முடிவதில்லை. காகிதம் ரொம்பச் சாதாரணமானது. ஆள் இறந்த அவசரத்தில் கையில் கிடைத்ததை எடுத்துச் சுற்றியிருக்கிறார்கள். அதைப் பார்த்த பிறகு வெளியே இருக்கும் எந்தச் சிலையும் பெரிதாகத் தெரியாது.

இன்னொன்றும் இந்த ஊரில் கண்ணில் படும். திரும்பிய பக்கமெல்லாம் மஞ்சள் தலைப்பாகை அணிந்த பகத் சிங் படங்கள். ஆய்வாளர்கள் அவருடைய நான்கு புகைப்படங்களைத்தான் உண்மையானவை என்று ஏற்கிறார்கள். எல்லாமே கறுப்பு வெள்ளை. மஞ்சளும் மீசை முறுக்கலும் கையில் துப்பாக்கியும் பின்னால் வந்த ஓவியர்கள் சேர்த்தவை. மக்கள் தங்கள் பிள்ளையை இப்படி வரைந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் நாம் தேடி வந்தவர் அந்தப் படத்தில் இல்லை என்பது ஞாபகம் இருக்கட்டும்.

இந்த வழியின் உயிர் ஹுசைனிவாலாதான். ஃபிரோஸ்பூர் நகரத்திலிருந்து சுமார் பத்துக் கிலோமீட்டர் தூரத்தில், சட்லெஜ் கரையில், எல்லைக் கோட்டை ஒட்டி இருக்கிறது. 1931 மார்ச் 24 காலையில் நிறைவேற்ற வேண்டிய தூக்கை, கூட்டத்துக்குப் பயந்து முந்தைய நாள் மாலையே லாகூர் சிறையில் முடித்தார்கள். உடல்களைப் பின்பக்கமாக வெளியே எடுத்து, லாரியில் ஏற்றி, ராவோடு ராவாக இந்த ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்து எரித்து, மிச்சத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். பிரிவினையின்போது இந்த இடம் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. 1961-இல் பன்னிரண்டு கிராமங்களைக் கொடுத்து இந்தியா இதைத் திரும்ப வாங்கியது. நினைவிடம் எழுந்தது 1968-இல். 1971 போரில் அது சேதமாகி, மறுபடியும் கட்டப்பட்டது. பழைய ரயில்வே கட்டடத்தின் சுவரில் அந்தப் போரின் குண்டுத் தழும்புகளை இன்றும் பார்க்கலாம்.

தூக்கிலிடப்பட்ட பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவரோடு அங்கே இன்னும் இருவர் இருக்கிறார்கள். டெல்லியில் மத்திய சட்டமன்றத்தில் பகத் சிங்கோடு சேர்ந்து குண்டு வீசி, ஆயுள் தண்டனை பெற்று, அந்தமான் போய், விடுதலைக்குப் பிறகு வறுமையில் வாழ்ந்து 1965-இல் டெல்லியில் இறந்த பட்டுகேஷ்வர் தத் ஒருவர். தன்னைத் தோழர்கள் பக்கத்திலேயே எரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார், அப்படியே செய்தார்கள். இன்னொருவர் 1975-இல் மறைந்த தாயார் வித்யாவதி. தூக்கில் போனவர்களைப் பற்றி நாடே பாடியது. உயிரோடு திரும்பி வந்தவருக்கு வேலை கொடுக்க ஆளில்லாமல் போனது. தத்தின் சமாதி முன்னால் நிற்கும்போது இந்த எண்ணத்தைத் தவிர்க்க முடியாது. இந்த ஒரே காரணத்துக்காகவே ஹுசைனிவாலாவை வேறு எந்த இடத்துக்காகவும் விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அமிர்தசரஸ் வரை போகிறவர்கள் மாலையில் வாகா எல்லைக்கு ஓடுவது வழக்கம். பகத் சிங்குக்காகப் போகிறீர்கள் என்றால் அதை விட்டுவிடுங்கள். கொடியிறக்க நிகழ்ச்சி ஹுசைனிவாலாவிலும் தினமும் மாலையில் நடக்கிறது. கூட்டம் குறைவு, இடம் சிறியது, எதிர்ப்பக்கம் இருக்கிறவர்களின் முகமே தெரியும். 2025 மே மாதத்தில் இந்த நிகழ்ச்சிகள் மீண்டும் தொடங்கியபோது கதவைத் திறக்காமல், கைகுலுக்காமல் நடத்தினார்கள். எல்லைச் சூழ்நிலையைப் பொறுத்து இது மாறக்கூடியது என்பதால், ஃபிரோஸ்பூர் வந்ததும் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

ஃபிரோஸ்பூர் ஊருக்குள் தூரி பஜாரில் ஒரு பழைய வீடு இருக்கிறது. 1928-29-இல் புரட்சியாளர்களின் மறைவிடமாக இருந்தது. கயா பிரசாத் என்ற தோழர் கீழே மருந்துக்கடை நடத்தினார். மருந்து வாங்குகிற சாக்கில் வெடிமருந்துக்கு வேண்டிய ரசாயனங்கள் வந்தன. மாடியில் தோழர்கள் தங்கினார்கள். சந்து நெரிசலானது, பெயர்ப்பலகையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

டெல்லி, ஆக்ரா, கான்பூர், பிரயாக்ராஜ் வழி

பஞ்சாபில் பகத் சிங்கின் மரணத்தைத்தான் அதிகம் பார்க்கிறோம். அவருடைய வேலையைப் பார்க்க வேண்டுமானால் தெற்கே, கிழக்கே திரும்ப வேண்டும். அதிகம் பேர் போகாத வழி இது. சுற்றுலா நிறுவனங்களும் இதை விற்பதில்லை.

டெல்லியில் ஃபிரோஸ் ஷா கோட்லாவில் தொடங்குங்கள். கிரிக்கெட் மைதானத்துக்கு அல்ல, அதன் அருகே இருக்கும் துக்ளக் காலத்து இடிந்த கோட்டைக்கு. 1928 செப்டம்பர் 8, 9 தேதிகளில் பல மாகாணங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அங்கே கூடி, தங்கள் புரட்சி இயக்கமான ஹிந்துஸ்தான் குடியரசு சங்கத்தின் பெயரில் ‘சோஷலிஸ்ட்’ என்ற சொல்லைச் சேர்த்தார்கள். சேர்க்கச் சொன்னவர் பகத் சிங். அந்த ஒரு சொல்லால் இயக்கத்தின் திசையே மாறியது. வெள்ளையனை விரட்டிய பிறகு என்ன செய்வது என்ற கேள்விக்கு அவர்கள் அங்கே உட்கார்ந்துதான் பதில் தேடினார்கள். வியாழக்கிழமைகளில் ஜின்களிடம் வேண்டுதல் வைக்க மக்கள் அந்த இடிபாடுகளுக்குள் மெழுகுவத்தியோடு வருவார்கள். முடிந்தால் வேறொரு நாளில், காலையிலேயே போங்கள். புல்வெளியில் உட்கார இடம் கிடைக்கும்.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் மூவரின் சிலைகள் நிற்கும் ஷஹீத் பார்க். கொஞ்சம் தள்ளி டெல்லி கேட் பக்கத்தில் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரி; பழைய டெல்லி மத்தியச் சிறை அந்த வளாகத்தில்தான் இருந்தது. குண்டு வழக்கின்போது பகத் சிங்கையும் தத்தையும் அங்கே வைத்திருந்தார்கள். அன்று மத்திய சட்டமன்றம் இருந்த பழைய நாடாளுமன்றக் கட்டடத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். உள்ளே போக முன் அனுமதி வேண்டும். 1929 ஏப்ரல் 8 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து, ஆள் இல்லாத இருக்கைகள் பக்கமாகப் பார்த்துக் குண்டை எறிந்தார்கள். துண்டறிக்கைகளை வீசினார்கள். தப்பிக்க வழி இருந்தும் ஓடாமல் நின்றார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் காஷ்மீரி கேட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய்த் தொப்பியோடு படம் எடுத்துக்கொண்டார். நம் ஊர்ச் சுவர்களில் எல்லாம் இருக்கும் அந்தத் தொப்பிப் படம் டெல்லியில் எடுத்தது. பிடிபடுவோம் என்று தெரிந்து, பத்திரிகைக்குக் கொடுக்கப் படத்தைத் தயார் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆக்ராவில் நூரி தர்வாஜாவிலும் ஹிங் கி மண்டியிலும் வீடு எடுத்துத் தங்கிக் குண்டு செய்யப் பழகினார்கள். கல்கத்தாவிலிருந்து வந்து கற்றுக்கொடுத்தவர் ஜதீந்திரநாத் தாஸ். பிறகு லாகூர் சிறையில் 63 நாள் உண்ணாவிரதம் இருந்து 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்விட்டவர். ஹிங் கி மண்டி இன்று செருப்பு மொத்த வியாபாரச் சந்தை. தோல் வாசனையும் மூட்டை தூக்குகிறவர்களும் நிறைந்த தெருவில் பகத் சிங்கைப் பற்றிக் கேட்டால் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. தாஜ்மஹாலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் வருவதாகத் தெரியவில்லை.

கான்பூர்தான் இந்த வழியின் மையம் என்பேன். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் பகத் சிங் லாகூரை விட்டு ஓடிவந்து சேர்ந்த ஊர் இது. கணேஷ் சங்கர் வித்யார்த்தி தன் ‘பிரதாப்’ பத்திரிகையில் வேலை கொடுத்தார். ‘பல்வந்த்’ என்ற பெயரில் எழுதினார் பகத் சிங். பட்டுகேஷ்வர் தத்தைச் சந்தித்ததும், அவரிடம் வங்காள மொழி கற்றுக்கொண்டதும் இங்கேதான். பதினாறு, பதினேழு வயதில் பத்திரிகை அலுவலகத்தில் ப்ரூஃப் மையோடு உட்கார்ந்திருந்த பையன் என்று அவரை நினைத்துப் பார்க்க, இந்தியாவில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பிரதாப் அலுவலகம் இருந்த ஃபீல்கானா பகுதிக் கட்டடம் பாழடைந்த நிலையில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் போய் அந்த நிலையில் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நாட்டின் பத்திரிகை வரலாற்றில் இடம்பெற வேண்டிய வீடு அது.

வித்யார்த்தியின் முடிவைத் தெரிந்துகொண்டு கான்பூருக்குப் போங்கள். பகத் சிங் தூக்கிலிடப்பட்டதைத் தொடர்ந்து கான்பூரில் கடையடைப்பு, அது மதக் கலவரமாக வெடித்தது. இரண்டு தரப்பு மக்களையும் காப்பாற்ற ஓடிக்கொண்டிருந்த வித்யார்த்தி 1931 மார்ச் 25 அன்று அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். சீடன் போய் இரண்டாம் நாள் ஆசானும் போனார். மார்ச் 23-ஐக் கொண்டாடுகிற நாம் 25-ஐ மறந்துவிட்டோம்.

பிரயாக்ராஜில் சந்திரசேகர ஆசாத் பூங்கா. 1931 பிப்ரவரி 27 அன்று போலீஸ் சுற்றி வளைத்தபோது கடைசி வரை சுட்டு, பிடிகொடுக்காமல் பகத் சிங்கின் தோழர் ஆசாத் இறந்த இடம். அவர் மறைந்து நின்ற மரத்துக்கு மக்கள் பூப்போட ஆரம்பித்ததும் அரசு அதை வெட்டிவிட்டது. அவருடைய கோல்ட் (Colt) பிஸ்டல் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் அலகாபாத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கை அளவுதான். அத்தனை கதைகளும் சுமந்த பொருளா இது என்று தோன்றும்.

லாகூர்

நியாயமாகப் பார்த்தால் பயணம் தொடங்க வேண்டிய இடம் லாகூர். லாலா லஜபதி ராய் தொடங்கிய நேஷனல் காலேஜ் நடந்த பிராட்லா ஹால், போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்ட டி.ஏ.வி. கல்லூரிப் பக்கம், வழக்கு விசாரணை நடந்த பூஞ்ச் ஹவுஸ், தூக்கு நடந்த மத்தியச் சிறை எல்லாம் அங்கே. சிறையை 1960-களில் இடித்துவிட்டார்கள். அந்த இடம் இப்போது ஷாத்மான் குடியிருப்பு. நடுவில் இருக்கும் சாலைச் சந்திப்புக்கு பகத் சிங் பெயரை வைக்க வேண்டும் என்று லாகூர்க்காரர்கள் பல வருடங்களாகப் போராடுகிறார்கள். மார்ச் 23 அன்று மிரட்டலுக்கு நடுவிலும் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். தங்கள் நாட்டில் அவரை நினைப்பதற்கே துணிச்சல் வேண்டும் என்ற நிலையில் செய்கிறவர்கள் அவர்கள். நாம் செய்வதைவிட அது பெரிது. 2024 இறுதியில் பூஞ்ச் ஹவுஸில் பகத் சிங் காட்சிக்கூடம் திறக்கப்பட்டிருக்கிறது. ஃபைசலாபாத் பக்கம் அவர் பிறந்த வீட்டையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ‘நான் ஏன் நாத்திகன்?’ 1930 அக்டோபரில் எழுதப்பட்டது அந்த லாகூர் சிறையில்தான்.

சரி, போக முடியுமா? இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு இப்போதைக்கு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரி-வாகா வழி மூடப்பட்டது, விசாக்கள் ரத்தாயின. அதற்கு முன்பும் சாதாரண சுற்றுலா விசா கிடைப்பது குதிரைக் கொம்பாகத்தான் இருந்தது. கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளின் கடவுச்சீட்டு உள்ள தமிழர்கள் வளைகுடா வழியாக விமானத்தில் போகலாம். அப்படி வாய்ப்பு உள்ளவர்கள் தயங்காமல் லாகூரைத் தேர்ந்தெடுங்கள்; மற்ற இரண்டு வழிகளும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்திய வம்சாவளி என்றால் விசா விசாரணை நீளலாம் என்பதால் மாதக்கணக்கில் முன்கூட்டியே தொடங்குங்கள்.

லாகூருக்குப் போக முடியாதவர்களுக்கு ஒரு சிறு ஆறுதல் சண்டிகரில் இருக்கிறது. பகத் சிங்கும் தோழர்களும் புத்தகம் புத்தகமாக வாசித்துத் தள்ளிய லாகூர் துவாரகா தாஸ் நூலகம், பிரிவினைக்குப் பிறகு சண்டிகர் 15-ஆம் செக்டாரில் லஜபத் ராய் பவனுக்கு வந்து சேர்ந்தது. கட்கர் கலானிலிருந்து சண்டிகர் நூறு கிலோமீட்டருக்குள்தான். பஞ்சாப் வழியை எடுப்பவர்கள், அமிர்தசரஸில் இன்னொரு நாள் கூடுதலாக இருப்பதற்குப் பதில் இதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

யாருக்கு எது

பிள்ளைகளோடு, அல்லது வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள் என்றால் பஞ்சாப்தான். சாலைகள் நல்லவை, வாடகைக் கார் எளிதாகக் கிடைக்கும், சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் கஷ்டமில்லை. அமிர்தசரஸிலிருந்து ஃபிரோஸ்பூர் சுமார் 120 கிலோமீட்டர். பியாஸும் சட்லெஜும் சேரும் ஹரிகே வழியாகப் போகும் சாலை அது. ஜலந்தரிலிருந்து கட்கர் கலான் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நான்கைந்து நாளில் எல்லாம் முடிந்துவிடும். பார்க்க ஒவ்வொரு இடத்திலும் ஏதாவது இருப்பதால் பிள்ளைகளுக்கும் அலுக்காது.

கான்பூர் வழி அப்படி அல்ல. பாதி இடங்களில் பார்ப்பதற்கு ஒரு சந்து, ஒரு பழைய சுவர், ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். முன்கூட்டியே வாசித்துவிட்டுப் போகிறவருக்கு அந்தச் சந்துகள் பேசும். மற்றவர்களுக்கு வெயிலும் நெரிசலும்தான் மிஞ்சும். ஆட்டோக்காரரிடமும் கடைக்காரரிடமும் விசாரிக்கக் கொஞ்சம் ஹிந்தி தெரிந்திருந்தால் நல்லது. ஆங்கிலத்தை நம்பி நூரி தர்வாஜாவில் வீடு கண்டுபிடிப்பது சிரமம். கல்லூரி மாணவர்கள், பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள், வாசகர் வட்டம் நடத்துகிறவர்கள் இந்த வழியை எடுக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று நான்கு பேராகப் போய், இரவில் அறையில் உட்கார்ந்து அந்தந்த ஊரில் அவர் எழுதியதை வாசித்துப் பேசினால் இதற்கு இணையான பயணம் இல்லை.

விடுமுறையே கிடைக்காதவர்களுக்கு ஒரு குட்டி வழியும் உண்டு. புனேயிலிருந்து நாசிக் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ராஜகுருநகர். பழைய பெயர் கேட் (Khed). ராஜகுரு பிறந்த வீடு பீமா நதிக்கரையில் இருக்கிறது. வேலைக்காகப் புனேயில் இருக்கும் தமிழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போய்வரலாம். பகத் சிங்குக்கு அருகிலேயே எப்போதும் பேசப்பட்டும், தனியாக யாரும் கவனிக்காத ஒருவருக்கு அந்த ஒரு நாளைக் கொடுக்கலாம்.

என் தேர்வு

ஒரே ஒரு பயணம்தான், எட்டுப் பத்து நாள்தான் என்றால் இரண்டு வழிகளையும் ஒரு ரயிலால் கட்டிவிடலாம். பஞ்சாப் மெயில். 1912-இல் பம்பாயிலிருந்து லாகூர் வழியாகப் பெஷாவர் வரை ஓடத் தொடங்கிய வண்டி. இன்று மும்பையிலிருந்து ஜான்சி, ஆக்ரா, டெல்லி வழியாக வந்து ஃபிரோஸ்பூரில் நின்றுவிடுகிறது. நமக்கு வேண்டிய ஊர்களில் பல அதன் தடத்தில் இருக்கின்றன. சென்னையிலிருந்து டெல்லி போகும் வண்டிகளில் ஜான்சியிலோ ஆக்ராவிலோ இறங்கலாம். ஜான்சியில் இறங்கினால் ஓர்ச்சா பக்கம் சாதார் ஆற்றங்கரையில் ஆசாத் சாமியார் வேஷத்தில் குடிசை போட்டுத் தங்கியிருந்த இடத்தைப் பார்க்கலாம். பிறகு ஆக்ரா. ஆக்ராவிலிருந்து கான்பூருக்குப் போய்த் திரும்பி, டெல்லியில் ஒரு முழு நாள். அன்று இரவு டெல்லியில் பஞ்சாப் மெயில் ஏறினால் காலையில் ஃபிரோஸ்பூர். அங்கிருந்து கட்கர் கலான், சண்டிகர், வீடு. சண்டிகர் விமான நிலையத்துக்கும் 2022 முதல் பகத் சிங் பெயர்தான்.

இப்படிப் போனால் அவர் குண்டு செய்த இடம், எழுதிய இடம், கூடிப் பேசிய இடம், பிடிபட்ட இடம் எல்லாம் முதலில் வந்து, எரிக்கப்பட்ட இடம் கடைசியில் வருகிறது. நினைவிடத்தில் தொடங்கி மறைவிடங்களுக்குப் போகிறவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகிவிடும். பிரயாக்ராஜும் அமிர்தசரஸும் இதில் விடுபடுகின்றன. இரண்டுக்கும் வேறு காரணங்களுக்காக என்றாவது போவோம், போகும்போது பார்த்துக்கொள்ளலாம். கான்பூரையும் ஹுசைனிவாலாவையும் விட்டால் அவற்றுக்காக மறுபடி யாரும் கிளம்ப மாட்டோம்.

எப்போது போவது? பிப்ரவரி பின்பாதியும் மார்ச்சும் சிறந்தவை. கோதுமை வயல்கள் பச்சை மாறிக்கொண்டிருக்கும், வெயில் தாங்கும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். மே, ஜூன் வெயில் நம் வெயிலை விடக் கொடியது. ஆகஸ்டில் சட்லெஜை நம்ப முடியாது. 2025 ஆகஸ்டில் ஃபிரோஸ்பூர் எல்லைக் கிராமங்கள் வெள்ளத்தில் மூழ்கின. அருங்காட்சியகங்களுக்குப் பெரும்பாலும் திங்கட்கிழமை விடுமுறை என்பதையும் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

மார்ச் 23 அன்றே போகலாமா என்று பலரும் கேட்கிறார்கள். ஹுசைனிவாலாவுக்கு என்றால் போகலாம். ஃபிரோஸ்பூரிலிருந்து ஹுசைனிவாலா வரை அந்தத் துண்டு ரயில் பாதையில் வழக்கமான வண்டி கிடையாது. மார்ச் 23-க்கும் ஏப்ரல் 13 வைசாகிக்கும் மட்டும் சிறப்பு ரயில் விடுகிறார்கள். கிராமத்துச் சனம் குடும்பம் குடும்பமாக அதில் வருகிறது. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, கரும்புச்சாறு குடித்துக்கொண்டு, ‘இன்குலாப் ஜிந்தாபாத்’ சொல்லிக்கொண்டு வருகிறவர்களோடு அந்தப் பெட்டியில் போவது, எந்த அமைச்சரின் மாலை மரியாதையையும் விட அவருக்குப் பொருத்தமான அஞ்சலி. கட்கர் கலானுக்கு மட்டும் அன்று போகாதீர்கள். முக்கியப் புள்ளிகளின் வருகையும் பாதுகாப்புக் கெடுபிடியும் இருப்பதால் அருங்காட்சியகத்தில் நின்று பார்க்க நேரம் கிடைக்காது. இரண்டு நாள் கழித்துப் போங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மார்ச் 22 இரவு டெல்லியிலிருந்து பஞ்சாப் மெயிலில் இடம் வேண்டுமானால் ஜனவரி மூன்றாம் வாரமே டிக்கெட் எடுத்துவிட வேண்டும்.